ஏசி அறையில் காற்று மாறுகிறதா? எங்கள் வீட்டில் நடத்திய ஆய்வு

2023 ஏப்ரல் கடைசியில் எங்கள் மதுரை வீட்டுக்கு முதல் ஏசி வந்தது. ஒன்றரை டன், ஸ்பிளிட், இன்வெர்ட்டர் வகை. அதுவரை வெயில் காலத்தில் ஆளுக்கொரு பக்கம் படுப்போம். மாமியார் கூடத்தில், நாங்கள் அறையில், மகன் அவன் இஷ்டத்துக்கு. ஏசி ஒன்றுதான் என்பதால் நான்கு பேரும் ஒரே அறைக்கு வந்துசேர்ந்தோம். கட்டிலில் அத்தையும் மகனும், கீழே மெத்தை போட்டு நானும் என் கணவரும்.

முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் காலையில் அத்தை சொன்னார்: "குளிர்ச்சியாத்தான்மா இருக்கு. ஆனா விடியக்காலையில மூச்சு முட்டுறாப்புல இருக்கு." வயது 71 என்பதால் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரத்த அழுத்தம், இசிஜி எல்லாம் சரியாக இருந்தன. "ஏசி பழக்கமில்லைல்லம்மா, போகப் போகச் சரியாயிரும்" என்றார் என் கணவர். நானும் அப்படியே நினைத்தேன்.

ஆனால் எனக்கும் காலையில் நெற்றியில் ஒரு மந்தமான வலி இருந்தது. காபி குடித்ததும் போய்விடும், அதனால் காபி பழக்கம்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். பால்காரர் மணியடிக்கும்போதே எழுந்துவிடும் மகனை இப்போது மூன்று தடவை எழுப்ப வேண்டியிருந்தது. மே மாதத்தில் ஒரு விடியற்காலை, அறையிலிருந்து வெளியே வந்து அடுப்பில் பாலை வைத்துவிட்டு, செல்போனை எடுக்கத் திரும்ப உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது ஓர் அடைசல் வாடை. ராத்திரி முழுக்க அதற்குள்தான் படுத்திருந்தோம், யாருக்கும் தெரியவில்லை. மூக்கு கொஞ்ச நேரத்திலேயே எந்த வாடைக்கும் பழகிவிடும். இனி மூக்கை நம்பிப் பயனில்லை, அளந்து பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சாலிடரிங் அயர்னும் மல்டிமீட்டரும் வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அந்த அறை

மாமா 1988இல் கட்டிய வீடு. அறை 12 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. இரண்டு சுவர்களில் ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டர். ஏசி மாட்ட வந்தவர் அவற்றைப் பார்த்ததும், "இந்த ஓட்டையையெல்லாம் அடைச்சிருங்க, இல்லேன்னா குளிர் நிக்காது" என்றார். அவர் வேலையைப் பொறுத்தவரை சரியான பேச்சுதான். நாங்களும் அன்றைக்கே தெர்மகோலை வெட்டிச் செருகி ஓரமெல்லாம் டேப் ஒட்டினோம். கதவின் அடியில் பிரஷ் பட்டை அடித்தோம். கொசுவுக்குப் பயந்து ஜன்னல்கள் எப்படியும் மூடித்தான் இருக்கும்.

சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஏசி வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்து உள்ளே விடுகிறது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே ஒரு பெட்டி சுற்றுவதால் வரும் நினைப்பு அது. ஸ்பிளிட் ஏசியில் உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே போவது இரண்டு செம்புக் குழாய்கள், மின்கம்பி, தண்ணீர் வடியும் குழாய், அவ்வளவுதான். செம்புக் குழாய்க்குள் ஓடுவது குளிர்பதன வாயு. அது அறையின் வெப்பத்தைச் சுமந்துபோய் வெளியே கொட்டிவிட்டுத் திரும்புகிறது. அறைக் காற்று அறைக்குள்ளேயேதான் சுற்றுகிறது. பழைய விண்டோ ஏசிகள் பலவற்றில் வென்ட் என்று ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதைத் திறந்தால் கொஞ்சம் காற்று மாறும். ஸ்பிளிட் ஏசிகள் பெரும்பாலானவற்றில் அதுவும் கிடையாது.

அப்படியானால் நான்கு பேர் விடும் மூச்சு எங்கே போகிறது? பால் கணக்கு எழுதும் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். அறையின் கொள்ளளவு 1,320 கன அடி. பீரோ, கட்டில் இடத்தைக் கழித்தால் சுமார் 35 கன மீட்டர், அதாவது 35,000 லிட்டர். நாம் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கரியமில வாயு. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 10 முதல் 13 லிட்டர் கரியமில வாயுவை விடுகிறார், சிறுவர்கள் கொஞ்சம் குறைவு. எங்கள் நால்வருக்கும் சேர்த்து மணிக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். காற்று மாறவே மாறாத அறையாக இருந்தால் மணிக்கு 1,100 பிபிஎம்முக்கு மேல் ஏற வேண்டும். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் சுமார். ஹவாய் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது.

மல்லிகைப்பூவைக் காற்றுக் கேடு என்ற சென்சார்

முதலில் வாங்கியது ஒரு மலிவான சென்சார். இஎஸ்பி 32 என்ற வைஃபை வசதியுள்ள சின்னக் கணினிப் பலகையோடு இணைத்து, எண்களைச் செல்போனில் பார்க்கும்படி செய்தேன். மாலையில் அறையில் யாருமே இல்லாதபோது எண் திடீரென்று 2,000ஐத் தாண்டியது. போய்ப் பார்த்தால், அத்தை வாங்கிவந்த மல்லிகைச் சரம் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சரத்தை எடுத்ததும் எண் இறங்கியது. சமையலறையில் தாளித்தபோதும் அப்படியே ஏறியது.

விவரக் குறிப்பைப் பொறுமையாகப் படித்ததில் விஷயம் புரிந்தது. அந்த வகைச் சென்சார் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. சூடான உலோக ஆக்சைடு பரப்பில் ஆவியாகும் கரிமப் பொருள்கள் படும்போது மின்தடை மாறும். மனிதர்கள் இருக்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே கூடும் என்ற அனுமானத்தில், அந்த மாற்றத்தை வைத்துக் கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம் என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. மதுரை மல்லியின் வாசனையும் ஆவியாகும் கரிமப் பொருள்தானே. வாங்கப்போகிறவர்கள் இந்த ஒன்றை அவசியம் கவனியுங்கள்: என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளப்பது) அல்லது போட்டோஅகூஸ்டிக் (ஒளி பட்டு வாயுவில் எழும் ஒலியால் அளப்பது) என்று குறிப்பிட்டிருந்தால்தான் அது உண்மையிலேயே கரியமில வாயுவை அளக்கும்.

என்டிஐஆர் முறை எனக்கு மிகவும் பிடித்தது. சின்னக் குழாயின் ஒரு முனையில் அகச்சிவப்பு விளக்கு, மறுமுனையில் உணரி. கரியமில வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை விழுங்கும். உணரிக்கு வந்துசேரும் ஒளி குறையக் குறைய, நடுவில் வாயு அதிகம் என்று பொருள். அகச்சிவப்பை விழுங்கும் இதே குணத்தால்தான் பூமியும் சூடாகிறது. அதை மகனுக்குச் சொன்னபோது சென்சாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இந்த வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. பல சென்சார்கள் தாங்கள் பார்த்த மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளும். எப்போதும் மூடிய அறையிலேயே இருந்தால் அந்தத் திருத்தமே தவறாகிவிடும். அதனால் அந்த வசதியை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் அரை மணி நேரம் வைத்துச் சரிசெய்தேன்.

முதல் இரவு

சென்சாரைக் கட்டில் உயரத்தில், யார் மூச்சும் நேராகப் படாத மூலையில் வைத்தேன். இரவு 10 மணிக்குக் கதவைச் சாத்தியபோது 650. 11 மணிக்கு 1,540. 12 மணிக்கு 2,170. 2 மணிக்கு 2,900. விடியற்காலை 5 மணிக்கு 3,360.

காலையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தை "மூச்சு முட்டுது" என்று சொன்னதை வயசு என்று தள்ளியிருந்தோம். அவர் பக்கத்தில் போய் எண்களைக் காட்டினேன். "நான்தான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார்.

3,360 என்றால் என்ன? ஜெர்மனியின் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவ அறிஞர் 1858இலேயே, ஓர் அறையின் காற்று கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளமாக 1,000 பிபிஎம்மைச் சொன்னார். இன்றைக்கும் பலரும் அந்த எண்ணை வைத்துத்தான் பேசுகிறார்கள். வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு 5,000 என்பது அமெரிக்கா வைத்திருக்கும் சட்ட வரம்பு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் பல ஆயிரம் பிபிஎம் சாதாரணம். "அப்ப நம்ம ரூம் ஸ்பேஸ் ஸ்டேஷனா, அப்பத்தா?" என்று மகன் குதித்தான். ஆக, இது உயிருக்கு ஆபத்தான அளவு கிடையாது. ஆக்சிஜன் குறைந்துபோகும் என்ற பயமும் வேண்டாம், 21 சதவீதத்தில் அது மிகச் சொற்பமாகவே குறைகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கார்பன் மோனாக்சைடு வேறு. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான், இந்தச் சென்சார் அதைக் காட்டாது.

தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதை டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். மாணவர் விடுதி அறைகளில் நடந்த அந்த ஆய்வு 2016இல் வெளியானது. படுக்கையறையின் கரியமில வாயு 2,500 அளவிலிருந்து ஆயிரத்துக்குக் கீழே இறங்கியபோது தூக்கமும் மறுநாள் சுறுசுறுப்பும் மேம்பட்டன. அதற்குக் காரணம் கரியமில வாயுவேதானா, அதோடு சேர்ந்து தேங்கும் மற்ற வாடைகளும் ஈரமுமா என்பது வேறு கேள்வி. எங்களைப் போன்ற வீட்டுக்கு அது பெரிய வித்தியாசமில்லை, காற்று மாறினால் எல்லாமே சேர்ந்து வெளியேறும்.

அறை எவ்வளவு இறுக்கம்

மறுநாள் காலை எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவை அப்படியே சாத்தி இரண்டு மணி நேரம் விட்டேன். மூச்சு விட ஆளில்லை, கசிவின் வழியாகத்தான் அளவு இறங்க வேண்டும். 3,350இலிருந்து 1,850க்கு வந்தது. வெளிக்காற்றின் 420ஐக் கழித்தால் 2,930 என்பது 1,430 ஆகியிருக்கிறது. இரண்டையும் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, இரண்டு மணியால் வகுத்தால் 0.36. அறையின் காற்றில் மணிக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெளிக்காற்று வந்து சேருகிறது. ஆள் இல்லாத அறையில் எடுத்த இந்த எண்ணையும் காலண்டர் தாளின் 40 லிட்டரையும் சேர்த்துப் போட்டால், இரவு முழுக்க அளவு 3,600ஐ நோக்கி ஏற வேண்டும் என்று வருகிறது. ஏறியதும் அப்படித்தான். இரண்டு வெவ்வேறு வழியில் வந்த கணக்குகள் ஒரே இடத்தில் சேர்ந்தபோது வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

கசிவு எங்கே என்று பார்க்க ஊதுபத்தி போதும். கதவின் ஓரம், ஜன்னல் சட்டம், ஸ்விட்ச் பெட்டி என்று மகன் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டே போனான், நான் டார்ச் அடித்தேன். ஏசிக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்திலும் கதவடியிலும் மட்டும் புகை வளைந்தது.

மணி பிளான்ட் வைக்கச் சொன்னவர்கள் உண்டு. ராத்திரியில் செடியும் நம்மைப் போல் கரியமில வாயுவைத்தான் விடும் என்பதால் அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

காசு சுண்டிப் பார்த்த 12 இரவுகள்

வென்டிலேட்டர்களில் அடைத்த தெர்மகோலை எடுத்துவிட்டு, கொசு வராமல் நைலான் வலை அடித்தோம். காலை 5 மணி அளவு சராசரியாக 1,450க்கு வந்துவிட்டது. காற்று அசையாத இரவில் 1,900 வரை போனது, காற்றடித்தால் 1,200.

எண் குறைந்தது சரி, எங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா? இரண்டு வென்டிலேட்டர்களுக்கும் முன்னால் ஒரே மாதிரி மெல்லிய துணி தொங்கவிட்டேன். ஒவ்வொரு மாலையும் காசு சுண்டி, தலை விழுந்தால் தெர்மகோலைச் செருகுவேன், பூ விழுந்தால் விட்டுவிடுவேன். காலையில் அத்தையிடம், "நேத்து திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?" என்று கேட்பேன். 12 நாளில் 9 நாள் சரியாகச் சொன்னார். சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே ஒன்பதோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு 7 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் இது உறுதியான சான்று ஆகாது, ஆனாலும் ஒதுக்கிவிடக் கூடியதும் இல்லை என்று நினைத்தேன்.

ஆர்வம் தாங்காமல், எப்படிக் கண்டுபிடித்தார் என்று கடைசி நாளில் கேட்டேன். "திறந்திருக்கிற அன்னைக்குப் பால்காரர் வண்டிச் சத்தம் நல்லாக் கேக்குமேம்மா" என்றார். காற்றுக்குத் திறந்த வழியில் சத்தமும் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை நாள் சத்தத்தை வைத்துச் சொன்னார், எத்தனை நாள் உடம்பை வைத்துச் சொன்னார் என்று பிரிக்க முடியாது. எனவே அந்தச் சோதனையை முடிவில் சேர்க்கவில்லை. என் தலைவலியை நாட்குறிப்பில் எழுதிவந்தேன்: மூடிய ஆறு இரவுகளில் நான்கில் வலி, திறந்த ஆறில் ஒன்றில். ஆனால் எந்த நாள் எது என்று எனக்குத் தெரியும், அதையும் அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கரண்ட் பில்

என் கணவரின் கவலை வேறு. "குளிர் எல்லாம் வெளியே போயிட்டா பில் என்னாகும்?" நியாயமான கேள்வி, அதனால் அதையும் கணக்குப் போட்டோம். இரவில் வெளியே 30 டிகிரி, உள்ளே 26 என்றால், கூடுதலாக உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்க ஏசிக்கு ஆகும் மின்சாரம் சுமார் 43 வாட், எட்டு மணி நேரத்துக்கு 0.35 யூனிட். இந்தக் கணக்கில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று: வேலையில் முக்கால் பங்கு காற்றின் சூட்டைக் குறைப்பதற்கு ஆவதில்லை, அதிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வடிப்பதற்கு ஆகிறது. 16 ஆம்பியர் பிளக் மீட்டர் வைத்து ஐந்தைந்து இரவு அளந்தபோது, மூடிய இரவுகளில் சராசரி 4.1 யூனிட், திறந்த இரவுகளில் 4.6. கணக்கைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லா இரவும் ஒரே வெக்கையாக இருக்காதல்லவா.

இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் கூடும். முந்தைய கணக்கெடுப்பில் எங்கள் பயன்பாடு 470 யூனிட். அந்த ஆண்டுக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். 500ஐத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகை விலை போய்விடும், அதனால் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். எங்கள் வீடு சரியாக அந்த விளிம்பில் வந்து நின்றது. சரி, ஏசியை 24இலிருந்து 26க்கு ஏற்றி, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டோம். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. இரண்டு டிகிரிக்குக் கிடைத்த மிச்சம் புதுக்காற்றின் செலவை ஏறக்குறைய ஈடுகட்டியது. அடுத்த பில் 488 யூனிட்.

இப்போதைய ஏற்பாடு

காற்று வீசாத இரவுகள்தான் மிச்சமிருந்த சிக்கல். ஏசிக்கு எதிர்ச் சுவரின் வென்டிலேட்டரில், பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 120 மில்லிமீட்டர் ஃபேனைப் பொருத்தினேன். 12 வோல்ட், இரண்டு வாட் சொச்சம். காற்றை வெளியே தள்ளும்படி வைத்தேன். அறையிலேயே கூரையோரக் காற்றுதான் சூடானது, அது வெளியே போவதில் நஷ்டம் குறைவு. இன்னொரு வென்டிலேட்டரை மறுபடி மூடிவிட்டு, கதவடியின் பிரஷ் பட்டையைக் கழற்றினேன். கூடத்து ஜன்னல்களில் வலை உண்டு, அவை ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். அங்கிருக்கும் நல்ல காற்று கதவடி வழியாக உள்ளே வரும். ஊதுபத்தி அதையும் உறுதிப்படுத்தியது.

ஃபேனைத் தானாக ஓட்டவும் நிறுத்தவும் முதலில் ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் வைத்தேன். 1,000ஐத் தொட்டால் ஃபேன் ஓடும், இறங்கினால் நிற்கும். எண் ஆயிரத்தைச் சுற்றி ஆடியபோதெல்லாம் டக், டக் என்று சத்தம். "பல்லி கத்துற மாதிரியே இருக்குடா" என்று அத்தை பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரிலேவை எடுத்துவிட்டு, அசையும் பாகமில்லாத மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் வைத்து, 800இல் மெதுவாகத் தொடங்கி 1,200இல் முழு வேகம் வரும்படி நிரலை மாற்றினேன். சத்தம் தீர்ந்தது. காலை 5 மணி அளவு இப்போது 1,150க்கும் 1,250க்கும் நடுவில். ஆயிரத்துக்குள் கொண்டுவரப் பெரிய ஃபேன் வேண்டும், அதற்கேற்ற ஈரமும் கரண்டும் கூடும். இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டோம்.

அத்தை மூச்சு முட்டுவதாகச் சொல்வது நின்றது. என் தலைவலி எப்போதாவதுதான் வருகிறது.

2024 மார்ச்சில் அளவு மெல்ல ஏறி 1,500ஐத் தொட்டது. சென்சார் கெட்டுவிட்டதா என்று மாடிக்குக் கொண்டுபோனேன், அங்கே 424 காட்டியது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஃபேனுக்கு முன்னால் இருந்த வலை முழுக்கத் தூசி, கண்ணே தெரியாத அளவுக்கு அடைத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டினேன், அன்றிரவே 1,180. இப்போது மாதம் ஒருமுறை வலையை அலசும் வேலை மகனுடையது. அலசுவதற்கு முந்தைய இரவின் அளவையும் பிந்தைய இரவின் அளவையும் பீரோ கதவின் உள்பக்கம் தேதி போட்டு எழுதிவைக்கிறான்.